இயங்குதள வடிவமைப்பு படிக்கப் போகிறீர்களா? வகுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

பல்கலைக்கழகங்களில் இயங்குதளப் பாடம் இரண்டு விதமாக நடத்தப்படுகிறது. ஒரு விதத்தில் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), ஷெட்யூலிங் (எந்தப் புராசஸ் எப்போது ஓடும் என்று முடிவு செய்வது), பேஜிங் (நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்வது) ஆகியவற்றின் கோட்பாட்டைப் படித்துத் தேர்வு எழுதினால் போதும். மற்றதில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியைக் கையில் கொடுத்து, அதற்குள் புதிய வசதிகளைக் கட்டச் சொல்வார்கள். பாடத்தின் பெயரில் வடிவமைப்பு என்று இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்குத் தயாராகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தில் மாணவர்கள் திணறுவது கோட்பாடு புரியாததால் அல்ல. ஒவ்வொரு புராசஸுக்கும் சம நேரம் கொடுத்துச் சுற்றிவரும் ஷெட்யூலரை அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். அதையே கெர்னலுக்குள் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது. கெர்னலில் பிழை நடந்த இடம் ஒன்றாகவும், அது வெளியே தெரியும் இடம் வேறாகவும் இருக்கும். நினைவகப் பகுதியைக் கையாளும் வரியில் செய்த தவறு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கோப்பு முறைமையில் போய் வெடிக்கும். அதனால் விடுமுறையில் பாடநூலை முதல் அத்தியாயம் முதல் கடைசி அத்தியாயம் வரை படித்து முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சி மொழி, டீபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி), பிறர் எழுதிய நிரலைப் படிப்பது ஆகிய மூன்றிலும் கை பழகுங்கள். கோட்பாட்டை வகுப்பில் சொல்லித் தருவார்கள். இந்த மூன்றையும் தெரியும் என்று எடுத்துக்கொண்டே பாடம் தொடங்கும்.

முதல் படி: எந்தக் கெர்னல் என்று விசாரியுங்கள்

முந்தைய ஆண்டின் பாடத்திட்டத்தைத் தேடிப் பாருங்கள். பல இடங்களில் எம்ஐடியில் உருவான எக்ஸ்வி6 பயன்படுகிறது. 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி, கற்பித்தலுக்கென்றே 2006இல் எழுதத் தொடங்கப்பட்டது அது. முதலில் இன்டெல் எக்ஸ்86 செயலிக்காக எழுதப்பட்டு, பின்னர் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாற்றப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் உருவான பின்டோஸ், பெர்க்லியில் உருவான நாச்சோஸ் ஆகியவையும் உண்டு. சில ஆசிரியர்கள் நேராக லினக்ஸுக்கே அழைத்துச் செல்வார்கள்.

எது என்று தெரியவில்லையென்றால் எக்ஸ்வி6 போதும். ஒருவர் ஒரு பருவத்துக்குள் முழுவதையும் படித்துவிடக்கூடிய அளவு அது. லினக்ஸ் கெர்னலோ கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. தயாரிப்புக் காலத்தில் அதற்குள் இறங்கினால் வழி தெரியாமல் போய்விடும். உங்கள் கணினியில் லினக்ஸ் இல்லையென்றால் ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். கம்பைலர், ஜிடிபி டீபக்கர், செயலியைப் போலவே நடிக்கும் கியூஎமு ஆகியவற்றை நிறுவி, எக்ஸ்வி6 திரையில் எழுந்து வந்து கட்டளைக்காகக் காத்திருப்பதைப் பார்த்துவிடுங்கள். நிறுவல் தகராறு எல்லாம் வகுப்பின் முதல் வாரத்தில் வரக்கூடாது.

இரண்டாம் படி: சி மொழியை அடிமட்டத்திலிருந்து

சி தெரியும் என்று நினைப்பவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இங்கே தேவைப்படும் சி, முதலாம் ஆண்டில் வரிசைப்படுத்தும் நிரல் எழுதப் பயன்பட்ட சி அல்ல. ஒரு முகவரியை எண்ணாகவும், அதே எண்ணைப் பாயிண்டராகவும் மாற்றி மாற்றிக் கையாளத் தெரிய வேண்டும். ஒரு பாயிண்டரோடு 1 கூட்டினால் முகவரி ஒரு பைட் நகராது, அது சுட்டும் பொருளின் அளவுக்கு நகரும் என்பது யோசிக்காமலே நினைவுக்கு வர வேண்டும். ஒரு முகவரியின் கடைசி 12 பிட்டுகளைப் பூஜ்யமாக்குவது, நடுவிலிருந்து 9 பிட்டுகளை மட்டும் உருவி எடுப்பது போன்ற பிட் வேலைகள் தினமும் வரும்.

இவற்றைத் தனித்தனியாகப் பயிற்சி செய்வதைவிட, எல்லாம் ஒன்றாக வரும் ஒரு வேலை சொல்கிறேன். 64 கிலோபைட் அளவுள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, கேட்டால் ஒரு துண்டு கொடுக்கவும் திருப்பிக் கொடுத்தால் வாங்கி வைக்கவும் இரண்டு ஃபங்ஷன்கள் எழுதுங்கள். ஒரு நிபந்தனை: எந்தத் துண்டு காலியாக இருக்கிறது என்பதைக் குறித்துவைக்க வேறு நினைவகம் கூடாது. காலித் துண்டின் முதல் சில பைட்டுகளிலேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதிவைக்க வேண்டும். முப்பது நாற்பது வரிகளில் முடிந்துவிடும். எக்ஸ்வி6 தன் நினைவகத்தைப் பங்கிடுவதும் ஏறக்குறைய இதே முறையில்தான்.

அது சரியாக ஓடியதும், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரே துண்டை அடுத்தடுத்து இரண்டு முறை திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் முறை அந்தத் துண்டின் அடுத்த முகவரியாக அதன் சொந்த முகவரியே பதிந்துவிடும். அதற்குப் பிறகு யார் எத்தனை முறை கேட்டாலும் அதே துண்டுதான் கிடைக்கும். இரண்டு பேர் ஒரே நினைவகத்தில் எழுதுவார்கள். தவறு செய்த வரியில் ஒரு சத்தமும் வராது. கெர்னல் பிழைகள் பலவற்றின் உடற்கூறு இதுதான். உங்கள் சொந்த நிரலில் இதை ஒருமுறை பார்த்துவிட்டால், பெரிய கெர்னலில் அதன் அறிகுறி தெரியும்போது பதற்றம் வராது.

எக்ஸ்வி6 இதற்கு ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தை, அதாவது ஒரு துண்டைக் கொடுக்கும்போது அதன் ஒவ்வொரு பைட்டிலும் 5 என்ற எண்ணையும், திரும்ப வாங்கும்போது 1 என்ற எண்ணையும் நிரப்பிவிடுகிறது. டீபக்கரில் ஒரு பாயிண்டரின் மதிப்பு பதினாறு நிலை எண்ணில் 05 05 05 05 என்று தெரிந்தால், யாரோ மதிப்பு எழுதாத நினைவகத்தைப் படித்திருக்கிறார்கள் என்று பொருள். 01 01 01 01 என்றால் திருப்பிக் கொடுத்துவிட்ட பக்கத்தை இன்னும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் நிரலிலும் இதைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கெர்னலுக்குள் வழக்கமான சி நூலகம் கிடையாது. எக்ஸ்வி6இல் ஒரு புராசஸுக்கான கெர்னல் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் உள் மாறிகள் இருக்கும் நினைவகம்) ஒரே ஒரு பக்கம், அதாவது 4096 பைட். ஃபங்ஷனுக்குள் ஆயிரம் முழு எண்கள் கொண்ட ஓர் அணியை அறிவித்தாலே 4000 பைட் போய்விடும். பெரிய அணிகளை ஃபங்ஷனுக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கம்பைலர் எழுதித் தருவதைப் படியுங்கள்

அசெம்பிளியில் (செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) நிரல் எழுதும் திறமை தேவையில்லை, படிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். இரண்டு எண்களைக் கூட்டும் ஒரு ஃபங்ஷனையும் அதை அழைக்கும் இன்னொன்றையும் எழுதி, கம்பைலரை அசெம்பிளி வடிவில் தரச் சொல்லுங்கள். உள்ளீடுகள் எந்த ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) போகின்றன, திரும்பும் முகவரி எங்கே வைக்கப்படுகிறது, ஸ்டாக் எப்போது கீழே இறங்குகிறது என்று விரல் வைத்துப் பின்தொடருங்கள்.

பிறகு ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ரிஸ்க்-ஃபைவில் 32 பொது ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. கெர்னலுக்குள் ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது எக்ஸ்வி6 சேமித்துவைப்பது 14 மட்டுமே. ஆனால் பயனர் நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போது 31ஐயும் சேமிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? தாவல் ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பாக நடப்பதால், அழைத்தவர் காக்க வேண்டிய ரெஜிஸ்டர்களைக் கம்பைலர் ஏற்கெனவே ஸ்டாக்கில் வைத்துவிட்டது. பயனர் நிரலோ எந்த நொடியிலும் இடைமறிக்கப்படலாம். அதற்கு முன்னறிவிப்பு இல்லை. பூஜ்ய ரெஜிஸ்டர் எப்போதும் பூஜ்யம்தான் என்பதால் அதை மட்டும் விட்டுவிடலாம். இந்த விடை தெளிவாகப் புரிந்தால் இந்தப் படி முடிந்தது, மேலே போகலாம்.

நான்காம் படி: ஒரு ஷெல் எழுதுங்கள்

கெர்னலை உள்ளே இருந்து கட்டுவதற்கு முன், வெளியே இருந்து அதை முழுதாகப் பயன்படுத்திப் பாருங்கள். கட்டளையை வாங்கி இயக்கும் ஒரு சிறிய ஷெல்லை நீங்களே எழுதுவதுதான் இதற்குச் சிறந்த வழி. ஃபோர்க், எக்ஸெக், வெயிட், பைப், ஓப்பன், குளோஸ், டூப் போன்ற சில சிஸ்டம் கால்களே (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) போதும். புராசஸை நகலெடுத்துப் பிள்ளைப் புராசஸை உருவாக்கும் ஃபோர்க் ஒரு முறை அழைக்கப்பட்டு இரு முறை திரும்புகிறது: பெற்றோர் புராசஸுக்குப் பிள்ளையின் எண், பிள்ளைக்குப் பூஜ்யம். புராசஸுக்குள் வேறு நிரலை ஏற்றும் எக்ஸெக் வெற்றி பெற்றால் திரும்புவதே இல்லை. இந்த இரண்டையும் கையால் எழுதிப் பார்க்காமல் மனம் ஏற்றுக்கொள்ளாது.

கோப்பகம் மாறும் சிடி கட்டளையை எழுதும்போது முதல் திருப்பம் வரும். மற்றக் கட்டளைகளைப் போலப் பிள்ளைப் புராசஸில் அதை இயக்கினால், பிள்ளை கோப்பகம் மாறிவிட்டு இறந்துபோகும்; ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும். சிடியை ஷெல்லே செய்தாக வேண்டும். தற்போதைய கோப்பகம் ஒவ்வொரு புராசஸுக்கும் தனிச் சொத்து என்பது இங்கே விளங்கிவிடும்.

ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீடாகும்படி இரண்டு கட்டளைகளைப் பைப்பால் இணைக்கும்போது அடுத்தது. எல்லாம் சரியாக எழுதியிருப்பீர்கள், ஆனால் இரண்டாவது கட்டளை முடியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும். பைப்பின் எழுதும் முனையைப் பெற்றோர் மூட மறந்திருக்கும். எழுதும் முனை எங்காவது ஒன்று திறந்திருக்கும்வரை, இன்னும் ஏதாவது வரலாம் என்று படிப்பவர் காத்துக்கொண்டே இருப்பார். முனைகளை எண்ணி எண்ணி மூடக் கற்றுக்கொள்ளுங்கள். கெர்னலுக்குள் ஒரு கோப்பை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு எதற்கு என்ற கேள்வி பிறகு வராது.

மூன்றாவதாக ஒரு சிறு சோதனை. ஃபோர்க்குக்கு முன்னால் பிரின்ட்எஃப் கொண்டு, வரிமுடிவு இல்லாமல் ஒரு சொல்லை அச்சிடுங்கள். அது திரையில் இரண்டு முறை வரும். வரிமுடிவு சேர்த்தால் ஒரு முறைதான் வரும். அதே நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் மறுபடியும் இரண்டு முறை! காரணம் கெர்னலில் இல்லை. பிரின்ட்எஃப் எழுத்துகளைப் பயனர் நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிறது. திரைக்கு வரி வரியாகவும், கோப்புக்கு இடம் நிரம்பிய பிறகும் அனுப்பும். அனுப்பாத எழுத்துகளையும் சேர்த்து ஃபோர்க் நகலெடுத்துவிடுகிறது. நூலகம் எங்கே முடிகிறது, கெர்னல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. ஸ்ட்ரேஸ் கருவியோடு ஓட்டினால் எந்தச் சிஸ்டம் கால் எப்போது போகிறது என்பது வரிசையாகத் தெரியும்.

ஐந்தாம் படி: டீபக்கரோடு பழகுங்கள்

அங்கங்கே அச்சிட்டுப் பார்த்தே பிழை கண்டுபிடிக்கும் பழக்கம் கெர்னலில் ஓரளவுக்கு மேல் உதவாது. அச்சிடுவதே நேரத்தை மாற்றி, பிழையை ஒளித்துவிடும். ஜிடிபியில் நான்கு விஷயங்கள் தெரிந்தால் போதும்: குறிப்பிட்ட வரியில் நிறுத்துவது, அழைப்புச் சங்கிலியைப் பின்னோக்கிப் பார்ப்பது, நினைவகத்தையும் ரெஜிஸ்டர்களையும் நேராகப் பார்ப்பது, ஒரு முகவரியின் மதிப்பு மாறும் கணத்தில் நிறுத்துவது. கடைசியாகச் சொன்ன காவல் வசதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். இரண்டாம் படியில் கெடுத்துவைத்த நிரலில், கெட்டுப்போன பாயிண்டருக்குக் காவல் வைத்து, கெடுத்த வரியைப் பிடித்துப் பாருங்கள்.

எக்ஸ்வி6 சமாளிக்க முடியாத பிழையால் பீதியடைந்து (பேனிக்) நிற்கும்போது சில எண்களை அச்சிடும். அவற்றைப் பார்த்ததும் மிரள வேண்டாம். எஸ்காஸ் என்பது காரணம்: அது 13 என்றால் படிக்கப் போன இடத்தில் பக்கப் பிழை, 15 என்றால் எழுதப் போன இடத்தில். எஸ்இபிசி என்பது அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி. அந்த முகவரியை அசெம்பிளிப் பட்டியலில் தேடினால் சி நிரலின் வரி வரைக்கும் போய்விடலாம். எஸ்டிவால் என்பது தொடப் போன முகவரி. அது பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ இருந்தால், வெற்றுப் பாயிண்டர் வழியாக ஸ்ட்ரக்டின் ஓர் உறுப்பை எடுக்கப் போயிருக்கிறீர்கள்.

ஆறாம் படி: கெர்னலை ஒரு பாதையாகப் படியுங்கள்

கோப்பு கோப்பாக மேலிருந்து கீழே படித்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். பயனர் நிரல் தன் புராசஸ் எண்ணைக் கேட்கிறது. விடை எப்படித் திரும்பி வருகிறது? ஏ7 ரெஜிஸ்டரில் சிஸ்டம் கால் எண் வைக்கப்படுகிறது, ஈகால் கட்டளை செயலியைக் கெர்னல் நிலைக்கு மாற்றுகிறது, ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்படுகின்றன, அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது, விடை ஏ0வில் வைக்கப்பட்டுத் திரும்புகிறது. இந்தப் பாதையைத் தாளில் வரையுங்கள்.

பிறகு நீங்களே ஒரு சிஸ்டம் கால் சேருங்கள். எத்தனை புராசஸ்கள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிச் சொன்னால் போதும். எக்ஸ்வி6இன் புராசஸ் அட்டவணையில் 64 இடங்கள்தான் இருக்கின்றன. ஐந்து இடங்களைத் தொட வேண்டியிருக்கும்: பயனர் பக்க அறிவிப்பு, அழைப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட், எண், அட்டவணை, உண்மையான ஃபங்ஷன். ஸ்கிரிப்டில் சேர்க்க மறந்தால் நிரல்களை இணைக்கும்போதே பிழை வரும். அட்டவணையில் மறந்தால் எல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டு, ஓடும்போது தெரியாத சிஸ்டம் கால் என்று கெர்னல் சொல்லும். இரண்டையும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் பேஜிங் கணக்கையும் முடித்துவிடலாம். ஒரு பக்கம் 4096 பைட். நிரல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி 20,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4096ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 20. பக்க அட்டவணை 5ஆம் பக்கத்தை நினைவகத்தின் 9ஆம் சட்டத்துக்கு (பக்க அளவுள்ள நினைவகத் துண்டு) அனுப்பினால், உண்மையான முகவரி 9 பெருக்கல் 4096, அதோடு 20, அதாவது 36,884. 4096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு என்பதால் வகுத்தலே வேண்டாம்: கடைசி 12 பிட் மீதி, மேலே உள்ளவை பக்க எண்.

அட்டவணை ஏன் பல அடுக்காக இருக்கிறது? எக்ஸ்வி6 பயன்படுத்தும் ரிஸ்க்-ஃபைவ் முறையில் முகவரிக்கு 39 பிட். 12 போக 27 பிட் பக்க எண். ஒரே நீளமான அட்டவணை என்றால் 2இன் 27ஆம் அடுக்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 பைட்: ஒரு புராசஸுக்கு ஒரு ஜிகாபைட் அட்டவணைக்கே போய்விடும். அதனால் 27ஐ 9, 9, 9 என்று பிரித்து மூன்று அடுக்காக்கினார்கள். ஓர் அடுக்கில் 512 வரிகள், 8 பைட் வீதம் 4096 பைட்; அட்டவணையே சரியாக ஒரு பக்கத்தில் அடங்குகிறது. பயன்படாத முகவரிப் பரப்புகளுக்குக் கீழ் அடுக்குகளை உருவாக்கவே வேண்டியதில்லை. இந்தக் கணக்கை நீங்களே தாளில் போட்டுப் பார்த்திருந்தால், பேஜிங் வகுப்பு மிகவும் இலகுவாகிவிடும்.

ஏழாம் படி: ஒரே நேரத்தில் இருவர்

பாடத்தின் மிகக் கடினமான பகுதி இது. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்டுகள் ஒரே எண்ணைப் பத்து லட்சம் தடவை ஒன்று ஒன்றாகக் கூட்டட்டும். கடைசியில் இருபது லட்சம் வர வேண்டும். பெரும்பாலும் குறைவாக வரும், ஒவ்வொரு முறையும் வேறாக வரும். ஒன்று கூட்டுவது என்பது படிப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது என்ற மூன்று வேலைகள். இருவரும் ஒரே மதிப்பைப் படித்துவிட்டால் ஒருவரின் கூட்டல் காணாமல் போகும். இதே நிரலைக் கம்பைலரின் மேம்படுத்தல் வசதியோடு கட்டினால் சில வேளைகளில் சரியான விடை வந்து ஏமாற்றும். கம்பைலர் சுற்றையே ஒரே கூட்டலாகச் சுருக்கிவிட்டது, அவ்வளவுதான். பிழை அப்படியே இருக்கிறது. பலமுறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று முடிவு செய்யும் முறை இங்கே செல்லாது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிப்பதுதான் பூட்டு; அது எந்த எந்த மதிப்புகளைக் காக்கிறது என்று சொல்லி நிறுவத் தெரிய வேண்டும்.

பூட்டு போடக் கற்றதும், ஒரு த்ரெட் பொருள்களை வைக்க இன்னொன்று எடுக்கும் வரிசை ஒன்றைக் கட்டுங்கள். வரிசை காலி என்று பார்த்துவிட்டு எடுப்பவர் தூங்கப் போகும் அந்த இடைவெளியில், வைப்பவர் பொருளை வைத்து எழுப்பும் சைகையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? சைகை வீணாகும், எடுப்பவர் எழவே மாட்டார். பூட்டை விடுவதும் தூங்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். எழுந்த பிறகு நிபந்தனையை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

இவை வகுப்பறைப் புதிர்கள் மட்டுமல்ல. 1997இல் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலம் அங்கே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கே வந்து, பூட்டை வைத்திருந்தவரை ஓடவிடாமல் செய்தன. உயர்ந்த பணி குறித்த நேரத்தில் முடியாததால் கண்காணிப்பு அமைப்பு கணினியை மீண்டும் தொடங்கியது. பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் வசதியைப் பூமியிலிருந்து இயக்கிச் சரிசெய்தார்கள். இதே வசதியை எழுதுவது பின்டோஸின் முதல் திட்டப்பணியில் ஒரு பகுதி.

வகுப்பு தொடங்கிய பிறகு

திட்டப்பணி கையில் கிடைத்த அன்றே முழுவதையும் படித்துவிடுங்கள். நிரல் எழுதுவதற்கு முன் எந்த ஸ்ட்ரக்டில் என்ன சேரும், எந்தப் பூட்டு அதைக் காக்கும், பாதியில் தோல்வி வந்தால் எதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். சில இடங்களில் இதை வடிவமைப்பு ஆவணம் என்று கேட்டே வாங்குவார்கள், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். குழுவாகச் செய்தால் வேலையை இரண்டாக வெட்டிப் பிரித்துக்கொண்டு கடைசி நாளில் ஒட்டாதீர்கள். ஒருவர் எழுத இன்னொருவர் பக்கத்தில் இருந்து படிப்பது மெதுவாகத் தெரியும், ஆனால் பூட்டுப் பிழைகள் அந்த இரண்டாவது கண்ணுக்குத்தான் அகப்படும்.

நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் சின்னச் சின்ன மாற்றங்களாகச் சேமியுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடாதபோது எந்த மாற்றம் கெடுத்தது என்று தேட முடியும். பிழை சில வேளை மட்டும் வந்தால், எக்ஸ்வி6ஐ ஒரே சிபியூவோடு ஓட்டிப் பாருங்கள். வழக்கமாக அது மூன்றோடு ஓடும். ஒன்றில் வராமல் மூன்றில் மட்டும் வருகிறது என்றால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் பூட்டுகள்தான். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த விடைகளைத் திறக்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் அது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, பிழையைத் துரத்திப் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் இந்தப் பாடம் உங்களுக்குள் இறங்குகிறது. ஆசிரியரிடமோ உதவியாளரிடமோ கேட்கப் போகும்போது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எஸ்இபிசி எந்த வரியைக் காட்டுகிறது, இதுவரை எவற்றைச் சோதித்துவிட்டீர்கள் என்ற நான்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.